கொக்கோ விதைக்கும் பிறப்புச் சாட்சிப்பத்திரம்

அகதி விசாரணை அறையில் அமர்ந்து எழுந்தவர்கள் எவரும் அங்கு கேட்கப்பட்ட கேள்விகளை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். எந்த ஊரிற் பிறந்தீர்? ஊருக்கு வடக்கே என்ன இருக்கிறது? பாடசாலையிலிருந்து கோவிலுக்கு நடந்து செல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? குளத்தின் பெயர் என்ன? பிறந்த வீட்டின் வாசல் எத்திசையை நோக்கியிருந்தது என்றுகூட இக்கட்டுரையாளனிடம் கேட்கப்பட்டது. கிழக்கு என்றேன். காணி உறுதி உண்டா என்று அடுத்த கேள்வி வந்தது. வீட்டோடு அதுவும் எரிந்துவிட்டது என்றேன். எரிந்ததற்குச் சான்று உண்டா என்றார்கள்.

இதே வகையான கேள்விகளை ஐரோப்பா இப்போது ஒரு கொக்கோ விதையிடம் கேட்பதென முடிவு செய்துள்ளது. நீ எந்த நாட்டில், எந்தத் தோட்டத்தில் விளைந்தாய்? அத்தோட்டம் பூமியின் எந்த அகலாங்கில், எந்த நெட்டாங்கில் அமைந்துள்ளது? 2020 டிசம்பர் 31 ஆம் திகதி அவ்விடத்தில் நின்றது கொக்கோ மரமா, காடா? விதை வாய் திறவாது. அதன் சார்பில் அதனை விளைவித்த விவசாயிதான் பதில் சொல்ல வேண்டும். மேற்கு ஆபிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் மாத்திரம் அத்தகைய விவசாயிகள் ஏறக்குறைய பத்து இலட்சம் பேர். அவர்களுட் பெரும்பாலானோரிடம் தாம் உழுகின்ற நிலத்துக்கு எழுத்திலான உறுதி எதுவும் இல்லை.

பாரிசிலும் பேர்ளினிலும் உணவகச் சமையற்கட்டுக்களில் நின்று சொக்கலேற்றை உருக்கி ஊற்றும் எமது இளைஞர்களுக்கு இது தொலைதூர விவகாரமாகத் தோன்றலாம். ஆனால் சான்று கேட்கப்படுவதன் கனம் என்னவென்று எம்மைப்போல் அறிந்த சமூகங்கள் அதிகம் இல்லை. ஆகவே இவ்விடயத்தைச் சற்று விரிவாகவே எழுதத் துணிகிறேன்.

சட்டம் சொல்வது என்ன?

ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்பு ஒழுங்குவிதி 2023 ஜூன் 29 ஆம் திகதி சட்டமாக வலுப்பெற்றது. கால்நடை, கொக்கோ, கோப்பி, செம்பனை, இறப்பர், சோயா, மரம் ஆகிய ஏழு பண்டங்களும், அவற்றிலிருந்து செய்யப்படும் தோல், சொக்கலேற், வாகனச் சில்லுகளின் ரயர், தளபாடம் முதலிய பொருட்களும் இதற்குள் அடங்கும். இப்பொருட்களை ஐரோப்பியச் சந்தையில் இறக்க விரும்பும் கம்பனி மூன்று விடயங்களை உறுதிப்படுத்த வேண்டும். பண்டம் 2020 இறுதிக்குப் பின்னர் காடு அழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்திருக்கலாகாது. விளைந்த நாட்டின் சட்டங்களுக்கு, குறிப்பாக நில உரிமை, தொழிலாளர் உரிமை பற்றிய சட்டங்களுக்கு, அமைய விளைந்திருக்க வேண்டும். இவற்றை ஆராய்ந்து பார்த்ததற்கான கூற்று ஒன்று ஒன்றியத்தின் கணினிப் பதிவில் முன்கூட்டியே சேர்க்கப்பட வேண்டும். மீறுவோருக்குச் சட்டம் விதிக்கும் தண்டப்பணத்தின் உச்சவரம்பு, ஒன்றியத்தினுள் அக்கம்பனி ஈட்டும் ஆண்டு விற்பனை வருமானத்தில் ஆகக் குறைந்தது 4 சதவீதமாக இருக்க வேண்டும்.

எது காடு? அரை ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பு, ஐந்து மீற்றருக்கு மேல் உயர்ந்த மரங்கள், நிலத்தின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கவிந்த நிழல் என்று ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் வகுத்த வரைவிலக்கணத்தையே சட்டமும் எடுத்துக்கொண்டுள்ளது. விவசாய நிலம் இதில் சேராது. எங்கே விளைந்தது என்பதற்கு ஊர்ப் பெயர் போதாது. தோட்டத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம் வரை தரப்பட வேண்டும். நான்கு ஹெக்டேயருக்கு மேற்பட்ட தோட்டமாயின் ஒரு புள்ளி போதாது. எல்லையைச் சுற்றி நடந்து முழு வடிவத்தையும் வரைந்து கொடுக்க வேண்டும். தசமத்தின் ஆறாவது இலக்கம் என்பது மத்திய கோட்டுப் பகுதியில் ஒரு சாணுக்கும் குறைந்த தூரம். எங்கள் ஊர்களில் வேலிக் கதியாலுக்காக நடந்த வழக்குகளில்கூட எந்த நில அளவையாளரிடமும் இத்தகைய துல்லியம் எதிர்பார்க்கப்பட்டதில்லை.

இச்சட்டத்தின் புதுமையை உணர அதற்கு முந்தியதைப் பார்க்க வேண்டும். 2013 முதல் நடைமுறையிலிருந்த ஐரோப்பிய மரச் சட்டம், சட்டவிரோதமாக வெட்டப்பட்ட மரத்தை மாத்திரமே தடுத்தது. ஓர் அரசாங்கம் தனது காட்டை வெட்ட அனுமதித்துவிட்டால் அம்மரம் சுத்தமானது. புதிய சட்டமோ, உள்நாட்டு அரசு அனுமதித்தாலும் சரி, 2020 க்குப் பின் காடு அழிக்கப்பட்டிருந்தால் அப்பண்டத்துக்கு இங்கு இடமில்லை என்கிறது. 1990 முதல் 2020 வரையான முப்பது ஆண்டுகளில் உலகம் 42 கோடி ஹெக்டேயர் காட்டை இழந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மொத்த நிலப்பரப்பிலும் அது பெரிது. கொக்கோவின் ஆகப்பெரிய கொள்வனவாளர் என்ற வகையில் இந்த இழப்பில் ஐரோப்பாவுக்குப் பங்குண்டு என்பதை முதற் தடவையாகச் சட்ட வார்த்தைகளில் ஒப்புக்கொண்டுள்ளனர். அது சிறிய காரியமன்று.

காட்டைத் தின்ற பயிர்

ஐவரி கோஸ்ட் என்றால் யானைத் தந்தக் கரை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் ஏறக்குறைய 1 கோடி 60 இலட்சம் ஹெக்டேயர் காடு இருந்ததாகக் கணக்கிடப்படுகிறது. 2021 இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி எஞ்சியிருப்பது 30 இலட்சம் ஹெக்டேயருக்கும் குறைவு. இடைப்பட்ட காலத்தில் அந்நாடு உலகின் முதலாவது கொக்கோ உற்பத்தி நாடாக எழுந்தது. நல்ல ஆண்டுகளில் அங்கு 20 இலட்சம் தொன்னுக்கு மேல் விளைகிறது. அயல்நாடான கானாவையும் சேர்த்தால் உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் இந்த இரு நாடுகளிலிருந்தே வருகிறது.

கொக்கோ ஏன் காட்டைத் தேடிச் செல்கிறது? மேற்கு ஆபிரிக்காவில் நீண்ட காலம் ஆய்வு செய்த பிரெஞ்சுப் பொருளியலாளர் பிரான்சுவா ரூஃப் இதனைக் ‘காட்டு வாரம்’ என்ற கருத்தால் விளக்கியுள்ளார். புதிதாக வெட்டிய காட்டு மண்ணில் உரம் வேண்டியதில்லை, களை குறைவு, ஈரம் நிற்கும். காடு பல நூற்றாண்டுகளாகச் சேர்த்துவைத்த வளத்தை முதல் இருபது முப்பது ஆண்டுகள் கொக்கோ இலவசமாக உண்கிறது. மரம் முதிர்ந்து மண் களைத்தபின் அதே இடத்தில் மீண்டும் நடுவதற்குச் செலவும் உழைப்பும் பன்மடங்கு. அதைவிட மகனை அடுத்த காட்டுக்கு அனுப்புவது மலிவு. எனவே கொக்கோ ஓரிடத்தில் நிற்கும் பயிரன்று. நடந்து செல்லும் பயிர். சுதந்திரத்துக்கு முன்பின்னான ஆண்டுகளில் நாட்டின் கிழக்கே டிம்பொக்ரோ, அபெங்குரு வட்டாரங்களில் இருந்த அதன் மையம், பின்னர் தென்மேற்கே சூப்ரேக்கு நகர்ந்தது. அதன்பின் மேற்கே டுவேக்குவே, கிக்லோ. இப்போது எல்லை தாண்டி லைபீரியாவின் காடுகளுக்குள்ளும் புகுந்துவிட்டதாகச் செய்திகள் வருகின்றன.

கொக்கோ நடந்தது என்றால் மனிதர்கள் நடந்தார்கள் என்பதே பொருள். 1960 இல் சுதந்திரம் பெற்ற நாட்டின் முதல் ஜனாதிபதி பெலிக்ஸ் ஊபுவே புவாஞி தாமே ஒரு கொக்கோத் தோட்டக்காரர். 1944 இல் ஆபிரிக்கத் தோட்டக்காரர் சங்கத்தைத் தொடக்கி அரசியலுக்கு வந்தவர். நிலத்தைப் பண்படுத்துபவனுக்கே நிலம் என்ற கொள்கையை அவர் அறிவித்தார். அந்த ஒரு வாக்கை நம்பி வடக்கேயுள்ள வரண்ட நாடான புர்க்கினா பாசோவிலிருந்தும், நாட்டின் மத்திய பகுதியிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் தெற்குக் காடுகளுக்கு வந்தனர். காட்டோரக் கிராமத்துப் பெரியவர் ஒருவருக்கு மரியாதை செலுத்தி, அவரைக் காவலராக ஏற்று, வாய்ச்சொல்லால் காணி பெற்றனர். வெட்டினர், எரித்தனர், நட்டனர். நாட்டின் வருமானம் பெருகியது. அபிஜான் நகரில் வானளாவிய கட்டடங்கள் எழுந்தன.

1993 இல் ஊபுவே புவாஞி இறந்தார். கொக்கோ விலையும் அதற்கு முன்பே சரிந்திருந்தது. யார் உண்மையான ஐவரி கோஸ்ட் குடிமகன் என்ற விவாதம் அரசியலைப் பற்றிக்கொண்டது. 1998 டிசம்பரில் நிறைவேற்றப்பட்ட கிராம நிலச் சட்டம், குடிமக்களே நிலத்துக்கு உரிமையாளராகலாம் என்றது. நாற்பது ஆண்டு நின்று பயிரிட்டவன் ஒரே இரவில் இரவற்காரனானான். 2002 இல் மூண்ட உள்நாட்டுப் போருக்கும், 2010 தேர்தலைத் தொடர்ந்த இரத்தக்களரிக்கும் இது ஒன்றே காரணமென்று கூறிவிட முடியாது. ஆனால் போர் ஆகக் கொடூரமாக நடந்த மேற்குப் பகுதி கொக்கோக் காணிக்கான போட்டி ஆகக் கூடியிருந்த பகுதியும் ஆகும். மலையகத் தமிழரின் வரலாற்றையும் 1948 குடியுரிமைச் சட்டத்தையும் அறிந்த வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

போர்க்காலத்தில் நாட்டின் பாதுகாக்கப்பட்ட காடுகளுக்குக் காவலில்லாமற் போனது. மேற்கே 34,000 ஹெக்டேயர் பரப்புடைய மொன் பெக்கோ தேசியப் பூங்காவை அமாடே ஊரேமி என்ற ஆயுதக்குழுத் தலைவன் பல ஆண்டுகள் தன் பிடியில் வைத்திருந்தான். அங்கு குடியேறிய ஆயிரக்கணக்கானோர் கொக்கோ பயிரிட்டனர். 2013 இல் அவன் கைதானான். 2021 இல், 2011 ஆம் ஆண்டு டுவேக்குவேயில் நிகழ்ந்த படுகொலைகளுக்காக ஆயுட்தண்டனை பெற்றான். 2016 ஜூலையில் அரசு பூங்காவிலிருந்த பல்லாயிரக்கணக்கான மக்களை வெளியேற்றியது. அவர்கள் சுற்றுக் கிராமங்களில் உணவுக்கும் உறைவிடத்துக்கும் அல்லற்பட்டனர். காட்டை அழித்தவர்கள் என்று பத்திரிகைகள் எழுதியது அவர்களைத்தான். அவர்களிற் பலர் வேறிடத்திலிருந்து ஏற்கெனவே துரத்தப்பட்டவர்கள்.

அங்கு விளைந்த கொக்கோ எங்கே போயிற்று? எல்லாக் கொக்கோவும் போன வழியேதான் போயிற்று.

விதை தன் ஊரை மறக்கும் வழி

அந்த வழியைக் கொஞ்சம் கவனியுங்கள். பழுத்த காயைக் கத்தியால் பிளந்து, வெண்சதை மூடிய விதைகளை வாழையிலையில் குவித்து மூடி ஐந்தாறு நாள் புளிக்க விடுவார்கள். பின் ஏறக்குறைய ஒரு கிழமை வெயிலிற் காயும். காய்ந்ததும் விவசாயி கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுப்பான்; அல்லது சிறு பாரவூர்தியில் கிராமம் கிராமமாக வரும் தரகனுக்கு விற்பான். தரகனை அங்கு ‘பிஸ்ரேர்’ என்பர். கையிற் காசோடு வருபவன் அவனே. பிள்ளைக்குக் காய்ச்சல், பாடசாலைக் கட்டணம், பழைய கடன் என்று நெருக்கடி வந்தால் சங்கத்தின் பணம் வரும்வரை காத்திருக்க எவனால் முடியும்? பிஸ்ரேர் பத்துக் கிராமத்துக் கொக்கோவை ஒன்றாகக் கொட்டுவான். அவனிடமிருந்து பெருந்தரகன், பெருந்தரகனிடமிருந்து ஏற்றுமதியாளன், அபிஜான் அல்லது சான் பெட்ரோ துறைமுகம், அங்கிருந்து அம்ஸ்ரர்டாம் அல்லது அன்ற்வேர்ப். முதல் மூட்டை இரண்டாவது மூட்டையோடு சேரும் அந்தக் கணத்திலேயே விதை தன் ஊரை மறந்துவிடுகிறது. பூங்காவுக்குள் விளைந்ததும் வெளியே விளைந்ததும் ஒரே நிறம், ஒரே மணம்.

சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குகொண்டு 2023 இல் வெளியான செய்மதி ஆய்வு ஒன்று, ஐவரி கோஸ்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ஏற்பட்ட காட்டிழப்பில் 37 சதவீதத்துக்கு மேல் கொக்கோவோடு தொடர்புடையது என்றும், கானாவில் அது 13 சதவீதம் என்றும் கணித்தது. கம்பனிகள் இதை அறியாதிருக்கவில்லை. 2017 இல், காட்டுக்குள் கொக்கோ விளைவதில்லை என்று உறுதிசெய்வோம் எனப் பெரிய சொக்கலேற் கம்பனிகளும் இரு நாட்டு அரசுகளும் கூடி ஒப்பமிட்டன. தாமாக முன்வந்து செய்த உறுதிமொழி; மீறினால் தண்டனை இல்லை. அதற்கு முன் 2001 இல் சிறுவர் உழைப்பை ஒழிப்பதாக அமெரிக்காவில் இதே தொழிற்துறை ஒப்பமிட்டதும், குறித்த திகதிகள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போனதும் நினைவிருக்கலாம். ஆகவே கட்டாயச் சட்டம் ஒன்று வந்தது நியாயமே. கம்பனியின் நல்லெண்ணத்தை நம்பி இனியும் ஒரு காட்டை விட்டுவைக்க முடியாது என்பதே என் கருத்து. சட்டத்தின் நோக்கத்தோடு எனக்குப் பிணக்கில்லை. நான் கேட்க விரும்புவது, சான்று தேடும் சுமை எவர் தோளில் இறங்குகிறது என்பதே.

சட்டத்தின் எழுத்துப்படி அது கம்பனியின் கடமை. நடைமுறையில் கம்பனி ஏற்றுமதியாளனிடம் கேட்கும், அவன் சங்கத்திடம், சங்கம் விவசாயியிடம். இரண்டு முதல் ஐந்து ஹெக்டேயர் வைத்திருக்கும் அந்த மனிதனுக்குக் கீழே எவரும் இல்லை. இன்று கைத்தொலைபேசிக் கருவியோடு இளைஞர் ஒருவர் வந்து அவன் தோட்டத்தைச் சுற்றி நடந்து எல்லையை வரைந்துகொண்டு போகிறார். அந்த வரைபடம் எவர் கையிலிருக்கிறது? பெரும்பாலும் கம்பனியின் கணினியில். விவசாயியிடம் ஒரு பிரதிகூட இல்லாவிடின், நாளை வேறொருவர் கூடிய விலை தர வந்தால், தன் தோட்டம் எங்குள்ளதென்று அவன் எதைக் காட்டி நிரூபிப்பான்? தன் காணியின் படமே அவனைக் கட்டிப்போடும் கயிறாகலாம். ஐவரி கோஸ்ட் அரசு விவசாயிகளைக் கணக்கெடுத்து, ஒவ்வொருவருக்கும் இலக்கமிட்ட அடையாள அட்டை வழங்கி, நாடளாவிய பதிவொன்றை அமைக்க முனைந்தது இந்த ஆபத்தை உணர்ந்தேயாகும். கானாவின் கொக்கோச் சபையும் அவ்வாறே செய்தது. ஏழை நாடுகளின் அரசுகள் தாமே முன்வந்து இத்தனை இலட்சம் தோட்டங்களை அளந்தது பாராட்டத்தக்கது.

செய்மதியும் தவறு செய்யும். பெரிய மரங்களின் நிழலில் கொக்கோவை வளர்ப்பதே மண்ணுக்கு நல்லது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆனால் அத்தகைய தோட்டம் வானிலிருந்து பார்க்கக் காடு போலவே தெரியும். காட்டை மொட்டையடித்து வெயிலில் நட்டவனின் தோட்டம் படத்தில் துலக்கமாக விழுகிறது. மரத்தை விட்டுவைத்தவன்தான் விளக்கம் சொல்ல வேண்டியவனாகிறான்.

விலையைப் பற்றிச் சட்டத்தில் கட்டாய விதி எதுவும் இல்லை. 2024 டிசம்பரில் நியூயோர்க் சந்தையில் கொக்கோ ஒரு தொன் 12,000 டொலரைத் தாண்டி வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டது. அந்தப் பருவத்தில் ஐவரி கோஸ்ட் விவசாயிக்கு அரசு நிர்ணயித்த விலை கிலோவுக்கு 1,800 பிராங், ஏறத்தாழ 2.75 யூரோ. அறுவடைக்கு முன்பே விற்றுவிடும் முறையால் உச்ச விலை அவனை எட்டவில்லை. அடுத்த பருவத்துக்கு 2,800 பிராங் அறிவிக்கப்பட்டது. அதற்குள் உலக விலை பெருமளவு கீழிறங்கத் தொடங்கிவிட்டது. களைத்த மண்ணில் மீண்டும் நடப் பணமில்லாதவன் அடுத்த காட்டைப் பார்க்கிறான் என்று முன்னர் சொன்னேன். அவனுக்கு அந்தப் பணம் கிடைக்கும் வழியை அடைத்துவிட்டுக் காட்டின் வாசலில் மாத்திரம் காவல் போடுவது எவ்வளவு தூரம் செல்லும்?

பழைய கணக்கு ஒன்று

பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளனாக இருந்த நாட்களில் இலங்கைத் தோட்டப் பொருளாதாரம் பற்றிய வகுப்பை நான் எப்போதும் ஒரு சட்டத்திலிருந்தே தொடங்குவேன். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய நிலச் சட்டம். காடு, தரிசு, குடியிருப்பற்ற நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, பிரித்தானிய முடிக்குச் சொந்தம் என்றது அது. கண்டிக் கிராமத்தவனிடம் உறுதி ஏது? பரம்பரை வழக்கமும் அயலவரின் வாய்ச்சாட்சியமுமே அவன் உறுதி. அவை போதா என்றனர். இவ்வாறு பெறப்பட்ட மலைக்காடுகள் ஏக்கர் சில சிலிங்குக்கு ஆங்கிலேயத் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைவரை காட்டு வழியே நடந்து, வழியெங்கும் இறந்து விழுந்த எங்கள் மக்களே அந்தக் காடுகளை வெட்டினார்கள். ஐரோப்பியரின் கோப்பைக்குக் கோப்பி வேண்டியிருந்தது. 1869 இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தது. பின்னர் தேயிலை. 1876 இல் பிரேசிலிலிருந்து இலண்டன் வழியாக வந்த இறப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடையில் ஊன்றப்பட்டன.

அன்று காட்டை அழிக்கவும் விவசாயியிடமே சான்று கேட்டார்கள். இன்று காட்டைக் காக்கவும் அவனிடமே கேட்கிறார்கள். 2020 க்கு முன் அழிந்த காடு எதற்கும் எவரிடமும் கேள்வியில்லை. சட்டத்துக்கு ஒரு தொடக்கத் திகதி வேண்டும் என்பது உண்மை. ஆயினும் அந்தத் திகதிக்கு முன்னரே வேண்டியதை எல்லாம் வெட்டி முடித்தவர்கள் யார் என்பதை ஆபிரிக்க விவசாயி மறந்திருக்க மாட்டான். இந்தோனேசியாவும் மலேசியாவும் இச்சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தபோது பேசியதில் செம்பனைக் கம்பனிகளின் இலாபக் கணக்கு நிறையவே இருந்தது. ஆனால் இந்தப் பழைய கணக்கும் அதனுள் இருந்தது.

இனி நடைமுறைக்கு வருவோம். முதலில் 2024 டிசம்பர் 30 இல் சட்டம் அமுலாகும் என்றார்கள். அத்திகதி நெருங்கியபோது ஓராண்டு ஒத்திவைத்தார்கள். 2025 இல், பதிவுக் கணினி இத்தனை கோடிப் பதிவுகளைத் தாங்காது என்றொரு காரணம் முன்வைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் ஓராண்டு தள்ளினார்கள். இம்முடிவின்படி பெரிய, நடுத்தரக் கம்பனிகளுக்கு 2026 டிசம்பர் 30. சிறிய நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30. சந்தையில் முதலில் இறக்குபவர் மாத்திரம் முழுக் கூற்றும் அளித்தாற் போதும் என்று சுமையும் குறைக்கப்பட்டது. நெஸ்லே, பெரேரோ போன்ற பெருங்கம்பனிகள்கூட இந்தப் பின்போடலை விரும்பவில்லை என்பது வேடிக்கையானது. அவை ஏற்கெனவே பணம் செலவிட்டுத் தோட்டங்களை அளந்துவிட்டன. அளக்காமல் காத்திருந்தவனுக்கு இலாபம், அளந்தவனுக்கு நட்டம். அபிஜானில் கடன் வாங்கிக் கருவி வாங்கிய சிறு கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி பிரசெல்சில் எவரும் பேசக் கேட்கவில்லை.

அத்திருத்தத்தோடு அச்சிட்ட நூல்களும் பத்திரிகைகளும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. இல்லையேல் வாசகர்கள் கையிலிருக்கும் இந்தப் பத்திரிகைக்கும் மரம் நின்ற காணியைச் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

நாடுகளைத் தரம் பிரித்ததும் கவனிக்கத்தக்கது. 2025 மே மாதம் வெளியான பட்டியலில் பேராபத்து நாடுகளாகப் பெலாரஸ், மியன்மார், வடகொரியா, ரஷ்யா ஆகிய நான்கு மாத்திரமே குறிக்கப்பட்டன. ஏற்கெனவே தடைவிதிக்கப்பட்ட நாடுகள். அமேசனை உள்ளடக்கிய பிரேசில் நடுத்தரம். ஐவரி கோஸ்டும் நடுத்தரம். கானாவோ குறைந்த ஆபத்து. இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லையில் விலை எப்பக்கம் உயருகிறதோ அப்பக்கம் மூட்டைகள் இரவோடிரவாகக் கடப்பதை மேற்கு ஆபிரிக்காவில் அறியாதவர் இல்லை. விதைக்குக் கடவுச்சீட்டு இல்லாத குறையை இனித் தரகன் தீர்த்துவைப்பான் போலும்.

எம்மோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு விடயமும் உண்டு. இப்பட்டியலில் இறப்பர் இருக்கிறது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் சிறு தோட்டங்களில் வடிக்கப்படும் பால், திண்ம ரயராக ஐரோப்பாவுக்கு வருகிறது. அத்தோட்டங்களும் இனித் தம் அகலாங்கு நெட்டாங்கைச் சொல்ல வேண்டும். வன்னி இறப்பருக்குப் பேர்போன இடமன்று. ஆனால் அங்கு வேறொன்று உண்டு. போர்க்காலத்தில் விட்டு வந்த மேட்டுக்காணிகளில் இருபது முப்பது ஆண்டுகளாகப் பாலையும் வீரையும் வளர்ந்து நிற்கின்றன. திரும்பிச் சென்றவர்கள் பல இடங்களில் வன இலாகாவின் எல்லைக் கற்களைத்தான் கண்டார்கள். கிணற்றுக் கட்டு உள்ளே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் காடு. ஐந்து மீற்றருக்கு மேல் உயர்ந்த மரங்கள், பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிழல். செய்மதிக்கு அங்கே ஒரு குடும்பம் வாழ்ந்தது தெரியாது.

2025 மார்ச்சில் வடமாகாணத்தின் நான்கு மாவட்டங்களில் சுமார் 5,900 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் நிரூபிக்க வேண்டும் என்று இலங்கை அரசு வர்த்தமானி அறிவித்தல் விடுத்தபோது, புலம்பெயர்ந்த வீடுகளில் ஏற்பட்ட பதற்றத்தை நாம் அறிவோம். பழைய பெட்டிகள் திறக்கப்பட்டன. தோம்புப் பிரதி எவரிடம் உள்ளது என்று தொலைபேசிகள் ஒலித்தன. உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அறிவித்தலும் பின்னர் மீளப்பெறப்பட்டது. ஐவரி கோஸ்டின் மேற்கிலே கொக்கோ பயிரிடும் புர்க்கினா பாசோக் குடும்பத்துக்கு அத்தகைய நீதிமன்றம் எட்டும் தூரத்தில் இல்லை.

அவர்களுக்கு என்ன செய்யலாம் என்பது அறியாத இரகசியமல்ல. அளந்த வரைபடத்தின் பிரதி விவசாயியின் கையில் இருக்க வேண்டும். அளக்கும் செலவு சொக்கலேற்றின் விலையிலிருந்து வர வேண்டும், விதையின் விலையிலிருந்தல்ல. வழக்காறான காணி உரிமைக்கு எழுத்து வடிவம் கொடுக்க ஐரோப்பிய உதவிப் பணம் செலவிடப்பட வேண்டும். 2019 இல் ஐவரி கோஸ்ட் இயற்றிய புதிய வனச் சட்டம், ஏற்கெனவே அழிந்துபோன ஒதுக்கக் காடுகளில் விவசாயிகளைத் துரத்தாமல், கொக்கோவோடு மரத்தையும் வளர்க்கச் செய்யும் வழியொன்றைத் திறந்தது. அந்த வழியில் விளையும் விதைக்கு ஐரோப்பியத் துறைமுகத்தில் இடம் கிடைக்குமா என்பதைப் பிரசெல்ஸ் இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் அங்கு பெரும்போகம் அக்டோபரில் தொடங்குகிறது. அறிவித்த திகதி மீண்டும் மாறாவிடின், 2026 அக்டோபரில் பிளக்கப்படும் காய்களின் விதைகள் காய்ந்து, மூட்டையாகி, சான் பெட்ரோவில் கப்பலேறி, புத்தாண்டை ஒட்டி அம்ஸ்ரர்டாமுக்கு வந்து சேரும். சட்டத்தின் முழு வலிமையையும் எதிர்கொள்ளும் முதல் மூட்டைகள் அவை. சூப்ரேக்கு அப்பால் எங்கோ ஒரு கிராமத்தில், பிஸ்ரேரின் பாரவூர்தி வரும் சத்தம் கேட்கையில், அட்டை கிடைத்தவன் அதைத் தேடி எடுப்பான். கிடைக்காதவன் கேட்டதைவிடக் குறைந்த விலைக்குத் தன் மூட்டையை ஏற்றிவிடுவான்.